சம்பளத்தைக் கேட்கிறோம், நேரத்தைக் கேட்கிறோமா?

(நமது அறக்கட்டளையின் பெற்றோர் – மாணவர் கூட்டத்தில், மென்பொருள் துறையில் பணிபுரியும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



பெரியவர்களே, தாய்மார்களே, பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

கம்ப்யூட்டர் படிப்பில் எந்தக் கல்லூரி நல்லது, எவ்வளவு கட்டணம், எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்று கேட்கத்தான் உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அதற்கான விவரங்களை அறக்கட்டளையின் கல்விக் குழு தனியாக அச்சிட்டுத் தந்திருக்கிறது. நாங்கள் பேச வந்தது வேறு விஷயம். படித்து முடித்து வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை எப்படி வாழ்கிறது, எது அதை அந்த வேலையில் நிலைக்க வைக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் மூன்று கேள்விகள் அடிக்கடி எழும். "ராத்திரி பதினொரு மணிக்கும் அந்தப் பெட்டி முன்னாலயே உட்கார்ந்திருக்கியே, அப்படி என்னப்பா வேலை?" என்பது ஒன்று. "வேலை முடிஞ்சும் ஏதோ கணக்குப் புதிர் போட்டுக்கிட்டிருக்கியே, அதுக்குக் காசு தர்றாங்களா?" என்பது இரண்டாவது. "ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு, அன்னிக்கும் ஏரிக்கரைக்கும் மலைக்கும் போகணுமா?" என்பது மூன்றாவது. கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த மூன்றுக்கும் இன்று சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம்.

அப்படி என்ன வேலை?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மென்பொருளை விளக்குவது மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவதைவிட எளிது. நம்மூரில் தறி பார்க்காத வீடு இல்லை. பட்டு நெசவு நெய்யும் குடும்பமோ, பட்டு வியாபாரம், ஜரிகை, சாயம் என்று அதைச் சுற்றி வாழும் குடும்பமோ, எல்லோருக்கும் ஜக்கார்டு பெட்டி தெரியும். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்கும். அட்டையில் துளை இருந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம். எந்தப் பாவு இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழேயே இருக்க வேண்டும் என்று அந்த அட்டை தறிக்குச் சொல்கிறது. மயிலும் அன்னமும் மாங்காயும் சேலையில் வருவது அப்படித்தான்.

பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் இந்த அமைப்பை முழுமைப்படுத்தினார். சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளை கொடுக்க இதே நெசவு அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைய கணினியின் மூதாதை என்று அந்த இயந்திரத்தைச் சொல்கிறார்கள். துளை உண்டு, இல்லை என்ற அந்த இரண்டு நிலைகள்தான் இன்று கணினிக்குள் ஒன்று, சுழியம் என்று இருக்கின்றன. ஆக, நம்மூரில் அட்டை குத்தியவர் செய்த வேலைக்கும் நாங்கள் செய்யும் வேலைக்கும் உறவுமுறை உண்டு.

பகல் முழுதும் புதிது புதிதாக எழுதிக்கொண்டே இருப்போம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் பாதி நாள் போகிறது. எங்கோ ஒரு வங்கிச் செயலியில் பணம் அனுப்பினால் இரண்டு முறை கழிந்துவிடுகிறது என்று புகார் வரும். ஆயிரக்கணக்கான வரிகளில் எந்த வரியில் பிசகு என்று தேட வேண்டும். நெய்த சேலையில் ஓர் இழை அறுந்திருந்தால் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவார்களே, அந்த வேலைதான். கண்டுபிடித்துத் திருத்தினால் அதை இன்னொருவர் சரிபார்ப்பார். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வெளியே போகும்.

இரவு வேலைக்கு வருவோம். நியூயார்க்கில் காலை 9 மணி அடிக்கும்போது நமக்கு மாலை 6.30. குளிர்காலத்தில் 7.30. கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. வேலை கொடுப்பவர் அங்கே எழுந்து அலுவலகம் வரும் நேரம் நமக்கு மஃரிபு, இஷா நேரம். அதனால்தான் வீடே சாப்பிட உட்காரும்போது பிள்ளை காதில் கருவியை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகிறது. பிள்ளையின் மரியாதைக் குறைவு என்று அதை எண்ணிவிடாதீர்கள். பூமி உருண்டையாக இருப்பதால் வந்த வினை.

ஆனால் ஒரு கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்குத் தினமும் போய் வரும் பிள்ளைகள் நம்மில் உண்டு. போக வர நான்கு மணி நேரம். அலுவலகம் ஒன்பது மணி நேரம். இரவு அழைப்பு இரண்டு மணி நேரம் என்றால் 15 மணி நேரம் ஆயிற்று. மீதி ஒன்பது மணி நேரத்துக்குள் தூக்கம், தொழுகை, சாப்பாடு, பெற்றோர், மனைவி, பிள்ளை எல்லாம் அடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். இரவு பகல் பாராமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசுகிற காலம் இது. இந்த எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

நம் முன்னோரில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்களுக்கு முதுகும் முட்டியும் கண்ணும் என்ன ஆயின என்று இந்த ஊருக்குத் தெரியும். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த பிள்ளை நாற்காலிக் குழியில் விழுந்துவிடக் கூடாது. உடம்பு நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதைச் சம்பளத்துக்கு ஈடாக எழுதிக்கொடுத்துவிட முடியாது.

புதிர் போட்டால் காசு வருமா?

வராது. ஆனால் காசு வரும் வேலையைக் காப்பாற்றித் தரும்.

எல்லோருக்கும் தெரிந்த புதிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் ஒருவன். அவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு. படகில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்ற முடியும். அவன் இல்லாத நேரத்தில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் அக்கரை சேர்ப்பது எப்படி? நம் பாட்டிமார் நமக்குச் சொன்னது இது.

இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் எப்படிச் சொல்வது? மனிதன், புலி, ஆடு, புல் நான்கும் இக்கரையிலோ அக்கரையிலோ இருக்கலாம். அப்படியானால் மொத்தம் 16 நிலைகள். அவற்றில் ஆறு ஆபத்தானவை. பத்துதான் பாதுகாப்பானவை. அந்தப் பத்துக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் கடைசி நிலைக்குப் போக வேண்டும். ஏழு தடவை ஆற்றைக் கடந்தால் முடிந்துவிடும். வரைபடத்தில் வழி காட்டும் செயலி காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குப் பாதை தேடுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

இந்தப் புதிரில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அக்கரையில் சேர்த்துவிட்ட ஆட்டை நடுவில் ஒருமுறை இக்கரைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சேர்த்ததைத் திருப்பிக் கொண்டுவருவது நஷ்டம் என்று மனம் அடம் பிடிக்கும். திரும்பி வந்தால்தான் முன்னே போக முடியும் என்று ஒருமுறை விளங்கிவிட்டால், அந்தப் பாடம் வேலையிலும் உதவும். மூன்று நாள் எழுதியது சரியில்லை என்று தெரிந்தால் மனம் தளராமல் அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் பக்குவம் அதுதான்.

இன்னொன்று. 'புராஜெக்ட் ஆய்லர்' என்ற புதிர்த் தொகுப்பு 2001-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. இப்போது 900-க்கும் மேற்பட்ட கணக்குகள் அதில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. முதல் கணக்கு இதுதான்: 1000-க்குக் கீழே, 3-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும்? ஒவ்வோர் எண்ணாக 999 வரை சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கணினியை விரட்டலாம். வேறு வழியும் உண்டு. 3-ன் மடங்குகள் 333. அவற்றின் கூட்டுத்தொகை 1,66,833. 5-ன் மடங்குகள் 199. அவற்றின் கூட்டுத்தொகை 99,500. இரண்டிலும் 15-ன் மடங்குகள் வந்துவிட்டன. இரண்டு முறை எண்ணிய அந்த 33,165-ஐ ஒருமுறை கழித்தால் விடை 2,33,168. எட்டாம் வகுப்புக் குழந்தை காகிதத்தில் போடலாம். நீண்ட வழியையும் குறுக்கு வழியையும் பிரித்தறியும் கண் இப்படித்தான் திறக்கிறது.

இந்தக் கலைக்கும் நம் சமுதாயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்காரிதம்' என்ற சொல்லே பிறந்தது. அவர் எழுதிய நூலின் தலைப்பில் இருந்த 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அந்த நூலின் ஒரு பெரிய பகுதி என்ன தெரியுமா? வாரிசுகளுக்குச் சொத்தை எப்படிப் பிரிப்பது என்ற பாகப்பிரிவினைக் கணக்குகள். மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன் போக மீதி எவ்வளவு என்று வீட்டுச் சிக்கலைத் தீர்க்கப் போட்ட கணக்குகள் அவை. புதிர் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு அவர் பெயர் ஒன்றே போதும்.

இன்றைய நிலைமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2025-ல் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சாதாரணமான நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா, எங்கே தடுக்கும், வேறு வழி உண்டா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அது வராது. ஒரு சிக்கலோடு ஒரு மணி நேரம் தனியாக மல்லுக்கட்டிப் பழகிய பிள்ளைக்கு வரும்.

பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வாசலைக் காட்டுகிறோம். இந்தியக் கணினி ஒலிம்பியாட் என்று ஒரு போட்டி நடக்கிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் ஆசிரியர்கள் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறார்கள். பல ஆண்டுகள் அதன் முதல் கட்டத் தேர்வு காகிதமும் பேனாவும் கொண்டே நடந்திருக்கிறது. அதில் தேறி மேலே மேலே போகிறவர்கள், 1989 முதல் நடந்துவரும் சர்வதேச ஒலிம்பியாட் வரை செல்லலாம். வீட்டில் கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். யோசிக்கப் பழக ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாங்கள் சொல்லும் புதிர் வேறு, பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு. புதிரில் தோற்றால் ஒரு மணி நேரம் போகும், கொஞ்சம் அறிவு மிஞ்சும். பணம் வைத்த ஆட்டத்தில் சம்பளம் போகும், பிறகு நகை போகும். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. பிள்ளை போனில் என்ன ஆடுகிறது என்று கேளுங்கள். பணம் கட்டி ஆடுகிறதா என்று அவசியம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் என்ன இருக்கிறது?

சாலிம் அலி என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1896-ல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமாவின் ஆதரவில் வளர்ந்தவர். மும்பை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், மேலும் படிக்க ஜெர்மனி போனார். 1930-ல் திரும்பி வந்து பார்த்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், 'லே ஆஃப்'.

வேலை போன அந்த நாட்களில் அவர் மும்பைக்கு அருகில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக் கணக்கில் உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். ஒரு கூடு முடிந்ததும் ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். அதுவரை யாரும் சரியாகக் கண்டறியாத இந்த விஷயங்களை அவர் எழுதி வெளியிட்டதும் பறவையியலாளர்கள் நடுவே அவர் பெயர் நின்றது. 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1976-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

வேலை இழந்தவர் வீட்டுக்குள் முடங்கிவிடாமல், வெளியே போய் நெசவாளிப் பறவை ஒன்றை உற்றுப் பார்த்தார். அவர் வாழ்க்கையே அங்கிருந்து திரும்பியது. எல்லோரும் சாலிம் அலி ஆகிவிட முடியாது. ஆனால் வேலையைத் தவிர மனதுக்கு வேறொரு பிடிமானம் இருப்பவர், வேலை ஆடும்போது சாய்ந்துவிடமாட்டார்.

அந்தப் பிடிமானம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு காலை நேரத்தில் போய்வரலாம். வேட்டைக்காரர்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று அந்த ஊர் மக்கள் கேட்டுக்கொள்ள, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பறவைகள் மிரளக் கூடாது என்று பட்டாசு வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. நவம்பர் முதல் மார்ச் வரை நீர்ப்பறவைகளின் காலம்.

பொங்கல் விடுமுறை நாட்களில் 2015 முதல் ஆண்டுதோறும் தமிழகம் முழுதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிச் செயலியில் பதிந்தால் போதும். ஏரிக்கரையில்தான் நிற்க வேண்டும் என்றில்லை, மொட்டை மாடியிலும் நிற்கலாம். நாள் முழுதும் திரையில் எண்களோடு போராடும் எங்களுக்கு, கொக்கையும் நாரையையும் எண்ணுவது வேறு விதமான கணக்கு. கண் தூரத்தைப் பார்க்கிறது. போன் பைக்குள் இருக்கிறது.

சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்த்த பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர், பீட்டர் வான் கெய்ட், 2008-ல் சென்னை ட்ரெக்கிங் கிளப் என்ற மலையேற்றக் குழுவைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான ஐ.டி. ஊழியர்கள் அதில் சேர்ந்து மலை ஏறினார்கள், ஓடினார்கள், நீந்தினார்கள், கடற்கரைக் குப்பையை அள்ளினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவர்களுக்குள் வெளிக்காற்றுக்கு எவ்வளவு ஏக்கம் இருந்தது என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

ஆசை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஐ.டி. துறையில் வேலை பார்த்த இளம் பெண்களும் இருந்தார்கள். கோடையில் காய்ந்த காட்டுக்குப் போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த மலையிலும் ஏறாதீர்கள். நம் மாவட்டத்தில் மலையைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. மணல் அள்ளிய பாலாற்றுப் பள்ளங்களிலும் கல்குவாரிக் குட்டைகளிலும் குளிக்க இறங்காதீர்கள். எங்கே போகிறோம், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தைவான் நாட்டில் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை பெருகியபோது, 2010 முதல் பள்ளிக் குழந்தைகளை நாளைக்கு 120 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் இருக்கச் செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வெயில் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கண்ணாடிக் கடைக்குச் செலவழிப்பதற்கு முன் திடலுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

மகளுக்கும் வேண்டும்

மென்பொருள் வேலைக்குப் போகும் நம் தங்கைகளின் நிலை இன்னும் கடினம். மகனுக்கு இரவு அழைப்பு முடிந்தால் சாப்பாடு தட்டில் இருக்கும். மகளுக்கும் மருமகளுக்கும் அழைப்பு முடிந்தபின் அடுப்படி காத்திருக்கும். மகன் ஃபஜ்ரு தொழுதுவிட்டு அப்படியே ஒரு நடை போய் வரலாம். மகள் நடக்கப் போனால் தெரு கேள்வி கேட்கும். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போனால் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடும். ஓர் அம்மாவும் கூடப் போனால் அம்மாவுக்கும் சர்க்கரை குறையும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை.

நாங்கள் கேட்பது

பெற்றோர்களிடம் மூன்று கேட்கிறோம்.

முதலாவது, வீட்டில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு காலைப் பொழுதை விட்டுக்கொடுங்கள். அன்று ரேஷன் கடை, வங்கி, கல்யாண வீடு என்று எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளை தூங்கவும் கூடாது என்று நாங்களே சொல்லிவிடுகிறோம். வெளியே போகட்டும்.

இரண்டாவது, மாப்பிள்ளை பார்க்கும்போது "எந்தக் கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ்?" என்று கேட்கிறீர்கள். "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வார்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பெண் பார்க்கும்போது, அவளுடைய வேலை நேரம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிள்ளைக்கு வேலை போய்விட்டால் அதைக் குடும்ப அவமானம் ஆக்காதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டிப் பெருமைப்பட்ட அதே வாயால், "உனக்குத் திறமை இருக்கு, பொறுமையா தேடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டு, வேலை போனதையே வீட்டில் சொல்லாமல் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அறக்கட்டளையிடமும் மூன்று கேட்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம் கூடத்தில் பிள்ளைகளுக்குப் புதிர் வகுப்பு நடத்த இடம் கொடுங்கள். காகிதமும் பென்சிலும் போதும். எங்களில் இருவர் ஒவ்வொரு மாதமும் முறை வைத்து வந்து நடத்துகிறோம். ஜனவரியில் குடும்பங்களோடு வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்யுங்கள். வண்டிச் செலவில் பாதியை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். மூன்றாவது, வேலை இழந்தவர்களுக்கு மூன்று மாதம் வீட்டுச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு சிறு நிதியைத் தொடங்குங்கள். வேலையில் இருக்கும் நாங்கள் மாதந்தோறும் அதில் போட ஆயத்தமாக இருக்கிறோம். இன்று கொடுப்பவர் நாளை வாங்குபவராகலாம். எங்கள் துறையில் அதை யாரும் மறந்துவிட முடியாது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. இந்தத் துறைக்கு வாருங்கள். நல்ல துறை. பிறப்பையும் தெருப் பெயரையும் பாராமல், பிசகைக் கண்டுபிடித்துத் திருத்தியவரை மதிக்கும் இடங்கள் அதில் நிறைய இருக்கின்றன. ஆனால் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு ஜோடி நல்ல செருப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்று மூளைக்கு, ஒன்று காலுக்கு. இரண்டும் தேய வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் கூடத்தின் வாசலில் எங்களில் நால்வர் நிற்போம். புதிர் வகுப்புக்கும் வேடந்தாங்கல் பயணத்துக்கும் பெயர் கொடுப்பவர்கள் அங்கே கொடுக்கலாம். வேலை தேடுபவர்கள், வேலை இழந்தவர்கள் தனியாகப் பேச விரும்பினால் அதற்கும் இருக்கிறோம். பேசுவது வெளியே போகாது.